அறிவியல் நகரில் மின்பொறியியல்: ஆய்வுகூடங்கள் எதற்காக, யாருக்காக?

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் சிறிதளவு மண்ணெண்ணெயையும் வைத்துத் திரி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை உயர்தரம் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியில் செய்தி கேட்டார்கள். வேகமாகச் சுற்றினால் சத்தம் கூடும், கை ஓய்ந்தால் செய்தி பாதியில் நின்றுவிடும்.

காந்தம் சுழன்றால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்ற பௌதிகவியல் பாடத்தை எமது மக்கள் அப்படித்தான் கையால் கற்றார்கள். பல்கலைக்கழக மின்பொறியியல் துறையின் ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர் செய்யும் பரிசோதனையின் அடிப்படையும் இதுவே. அங்கே கூடுதலாக நடப்பது அளத்தல். எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு வோல்ற்று, சுமை ஏறும்போது என்ன குறைகிறது, எங்கே வெப்பமாக வீணாகிறது என்பதை எண்களால் அறிந்து, அதை வைத்து அடுத்த இயந்திரத்தை வடிவமைக்கக் கற்பதே பொறியியல்.

அத்தகைய துறை ஒன்று இன்று கிளிநொச்சியில் இயங்குகிறது. "பிள்ளை என்ஜினியரிங் கிடைத்து அறிவியல் நகருக்குப் போகிறான்" என்று சொல்லும் பெற்றோர் பலருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆய்வுகூடம் என்றால் என்ன, அதற்கு என்னென்ன வேண்டும், அது இல்லாவிட்டால் பட்டத்துக்கு என்ன ஆகும், வடக்கின் காற்றும் வெயிலும் பேரம் பேசப்படும் இக்காலத்தில் அது எமக்கு எதற்கு என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

தாமதமாக வந்த பீடம்

இலங்கையில் பொறியியல் பட்டப்படிப்பு 1950இல் கொழும்பில் ஆரம்பமானது. அந்தப் பீடம் 1960களில் பேராதனைக்கு இடம்மாறியது. கட்டுபெத்தையில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரி 1972இல் பல்கலைக்கழக வளாகமாகி, பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகமானது. 1999இல் ருகுணு பல்கலைக்கழகமும் காலி ஹப்புகலவில் பொறியியல் பீடத்தைத் தொடங்கியது. 1974இல் வளாகமாக ஆரம்பித்து 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் பொறியியல் பீடம் நீண்டகாலக் கோரிக்கையாகவே இருந்தது.

இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறை தமிழ் மாணவர்களின் பொறியியல், மருத்துவ அனுமதியையே அதிகம் தாக்கியது. அந்தக் கோபம் அரசியலை எங்கே கொண்டுபோனது என்பதை இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொறியியல் இடம் என்பது எமது சமூகத்தில் வெறும் தொழில் வாய்ப்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்ட விவசாய பீடம் போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர நேர்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் கிளிநொச்சிக்குள் நுழைந்தபோது நகரம் ஆளில்லாமல் கிடந்தது, தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்தது. அதிலிருந்து ஐந்து ஆண்டுகளில், 2014இல், நகருக்குத் தெற்கே ஏ9 வீதியோரம் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தின் முதலாவது அணி மாணவர்கள் வகுப்புக்கு வந்தார்கள். விவசாய, பொறியியல் பீடங்களின் கட்டடங்களுக்கும் உபகரணங்களுக்கும் இந்திய அரசின் நன்கொடை கிடைத்தது. குடிசார், இயந்திர, கணினிப் பொறியியல் துறைகளோடு மின் மற்றும் இலத்திரனியல் பொறியியல் துறையும் அங்கே உண்டு.

ஒரு துறைக்குள் எத்தனை ஆய்வுகூடங்கள்?

மின்பொறியியல் என்ற ஒற்றைப் பெயருக்குள் கைத்தொலைபேசியின் மிகச் சிறிய சைகையும் உண்டு, 2 இலட்சத்து 20 ஆயிரம் வோல்ற்று கடத்திகளும் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் கற்பிக்க முடியாது. ஆகவே எந்த நாட்டிலும் இத்துறைக்குக் குறைந்தது நான்கைந்து தனித்தனி ஆய்வுகூடங்கள் தேவைப்படும்.

முதலாவது, மின்சுற்று மற்றும் அளவீட்டு ஆய்வுகூடம். புதிய மாணவர் இங்கேதான் அலைவுகாட்டியைத் தொடுகிறார். வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ற்று என்று உயர்தரத்தில் படித்திருப்பார். அலைவுகாட்டித் திரையில் பார்க்கும்போதுதான் அந்த அலை ஒவ்வொரு 20 மில்லிசெக்கனிலும் 325 வோல்ற்று வரை ஏறி, மறுபக்கம் அதே அளவு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். காவலிடும் பொருளை ஏன் 230க்கு மட்டும் கணக்கிடக் கூடாது என்பதற்கு அந்தத் திரையே விடை.

இரண்டாவது, இலத்திரனியல் ஆய்வுகூடம். திரான்சிஸ்டர், பெருக்கி, நுண்கட்டுப்படுத்தி என்பவற்றை வைத்துச் சிறு சுற்றுகளைச் செய்து, எரித்து, மீண்டும் செய்து பழகும் இடம். இதனோடு இணைந்தது தொடர்பாடல் ஆய்வுகூடம். சைகையை ஏற்றி அனுப்புவதும் இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதும் இங்கே கற்கப்படும். இந்த இரண்டுக்கும் வேண்டிய பாகங்கள் ஒப்பீட்டளவில் மலிவு. ஒன்று எரிந்தால் இன்னொன்று வாங்கலாம்.

செலவும் ஆபத்தும் நிறைந்தவை மின் இயந்திர ஆய்வுகூடமும் மின்வலு ஆய்வுகூடமும்.

சுழலும் இரும்பு சொல்லித்தரும் பாடம்

எமது தோட்டக் கிணறுகளில் ஓடும் நீர்ப்பம்பியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருப்பது தூண்டல் மோட்டார். அதைப் போட்ட கணத்தில் வீட்டு விளக்கு ஒரு தரம் மங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். நின்ற நிலையிலிருந்து புறப்படும் மோட்டார் தன் வழமையான மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கை இழுக்கிறது. அதுதான் காரணம். ஒரே வீதியில் பல பம்பிகள் ஒன்றாகத் தொடங்கினால் கடைசி வீட்டுக்கு அழுத்தம் விழும். இயந்திர ஆய்வுகூடத்தில் மாணவர் இதை அளக்கிறார். தொடக்க மின்னோட்டத்தைக் குறைக்கும் வழிகளை இணைத்துப் பார்க்கிறார். 1,500 சுற்று ஓடவேண்டிய காந்தப்புலத்தைத் துரத்தி மோட்டார் ஏன் 1,440 சுற்றே ஓடுகிறது என்று கண்டறிகிறார்.

அதே கூடத்தில் மாணவர்கள் மறக்காத இன்னொரு பரிசோதனை உண்டு. ஒரு மின்பிறப்பாக்கியை ஏற்கெனவே இயங்கும் வலையமைப்போடு இணைப்பது. இரண்டின் அழுத்தமும் அதிர்வெண்ணும் கட்டங்களின் ஒழுங்கும் பொருந்தியிருக்க வேண்டும், அலைகள் ஒரே கணத்தில் ஏறி இறங்க வேண்டும். பழைய முறையில் இரண்டுக்கும் இடையே மூன்று விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். விளக்குகள் மெதுவாக எரிந்து அணைந்துகொண்டிருக்கும். மூன்றும் ஒன்றாக அணைந்திருக்கும் கணத்தில் ஆளியை மூட வேண்டும். எரியும் கணத்தில் மூடினால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து அச்சே முறுக்கிக்கொள்ளும். இந்தப் பயத்தைப் புத்தகம் தராது.

இது ஏன் முக்கியம் என்பதை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் கண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. சமூக ஊடகங்கள் குரங்கைப் பார்த்துச் சிரித்தன. பொறியியல் கேள்வி வேறு. ஒரு உப நிலையத்தின் கோளாறு ஏன் அங்கேயே நிற்கவில்லை?

விடை சுழலும் இரும்பில் இருக்கிறது. நீர், அனல் மின்நிலையங்களின் பாரிய சுழலிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றின் பாரமே ஒரு சேமிப்பு. திடீர்க் கோளாறு வந்தால் அந்தச் சடத்துவம் அதிர்வெண் உடனே வீழ்ந்துவிடாமல் சில செக்கன்கள் தாங்கும். கூரைச் சூரியத் தகடுகளில் சுழல்வது எதுவும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கேள்வி குறைவு, வெயில் அதிகம். சூரிய மின்சாரத்தின் பங்கு கூடி, சுழலிகளின் பங்கு குறைந்திருந்ததால் வலையமைப்பு தாங்கும் சக்தியை இழந்திருந்தது என்று மின்சார சபை விளக்கியது. இரண்டு மாதங்களின் பின்னர், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் வேளைகளில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு பாவனையாளர்களிடம் கேட்கப்பட்டது. கடன் எடுத்துச் சோலார் போட்ட குடும்பங்களுக்கு அது வருமான இழப்பு. சடத்துவத்துக்குப் பதிலாகப் பற்றரிகளையும் புதிய வகை இன்வேட்டர்களையும் எப்படிப் பயன்படுத்துவது என்பது இன்று உலகெங்கும் மின்வலு ஆய்வுகூடங்களில் நடக்கும் ஆய்வு. இலங்கை போன்ற, அயல்நாட்டு இணைப்பு எதுவும் இல்லாத சிறு வலையமைப்புக்கு அது அவசர ஆய்வு.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி காதில் விழும். "கூரை முழுக்கச் சோலார், கரண்ட் நின்றால் எங்கள் வீட்டிலும் இருட்டு. ஏன்?" வலையமைப்பு செத்தவுடன் இன்வேட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்தும் ஊழியர், கம்பியில் மின் இல்லை என்று நம்பித் தொடும்போது உங்கள் கூரை மின்சாரம் அவரைக் கொன்றுவிடும். வலு இலத்திரனியல் ஆய்வுகூடத்தில் இந்தத் தானியங்கி நிறுத்தம் எத்தனை மில்லிசெக்கனில் நடக்கிறது என்று சோதிக்க முடியும்.

உயர் அழுத்தமும் உப்புக் காற்றும்

உயர் அழுத்த ஆய்வுகூடம் ஒரு துறையின் மிகவும் விலையுயர்ந்த அறை. இயற்கையின் மின்னலைச் செயற்கையாக உண்டாக்கிக் காவலிகளைச் சோதிக்கும் இடம் அது. ஒரு சென்ரிமீற்றர் காற்றிடைவெளியை உடைத்துப் பாய ஏறத்தாழ 30 ஆயிரம் வோல்ற்று வேண்டும் என்ற கணக்கை அங்கே கண்ணாலும் காதாலும் அறியலாம்.

குடாநாட்டுக்கும் தீவகத்துக்கும் இது வெகு பொருத்தமானது. கடற்காற்றில் வரும் உப்பு பீங்கான் காவலிகளில் படியும். பனி இறங்கும் விடிகாலையில் அந்தப் படலம் நனைந்து மின்கடத்தியாகும். உள்நாட்டில் நன்றாக வேலை செய்யும் காவலி கரையோரத்தில் பொறி பறந்து துண்டிப்பை உண்டாக்குவது இப்படித்தான். நிலத்தொடுப்பும் அப்படியே. வரண்ட மண்ணில் அடித்த கம்பி மின்கசிவை நிலத்துக்குள் இறக்காது. நிலத்தொடுப்பின் தடையை அளக்கும் எளிய கருவி ஒன்றோடு மாணவர்களை எமது பாடசாலைகளுக்கும் மீள்குடியேற்ற வீடுகளுக்கும் அனுப்பினால், அது பரிசோதனையாகவும் இருக்கும், உயிர்காக்கும் பணியாகவும் இருக்கும். 30 மில்லியம்பியர் கசிவில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒருபோதும் அழுத்திப் பார்க்காத வீடுகள் எத்தனை! காட்டுப்பன்றிக்கென இழுத்த கம்பியில் மனிதர்கள் இறக்கும் செய்தி வன்னியிலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கருவி இருந்தால் போதுமா?

ஒரு வகுப்பில் 60 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு ஒரு குழு என்றால் 12 குழுக்கள். நான்கு இயந்திரத் தொகுதிகள் இருந்தால் ஒரு பரிசோதனையை மூன்று அமர்வுகளில் முடிக்கலாம். ஒரே ஒரு தொகுதி என்றால் 12 அமர்வுகள். அரையாண்டுப் பருவம் அதிலேயே கழிந்துவிடும். அப்போது குழு பெருக்கும். பத்துப் பேர் நிற்கும் மேசையில் ஒருவர் கம்பி இணைப்பார், ஒருவர் வாசிப்பெடுப்பார், ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை நான்கு ஆண்டுகளும் எழுதிக்கொண்டே பட்டம் பெற்றுவிட முடியும். வசதியைப் பற்றிப் பேசும்போது கருவிகளின் பட்டியலைவிட, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர் என்ற எண்ணே உண்மையைச் சொல்லும்.

அடுத்தது விலை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பத்தாயிரம் டொலர் கருவி ஒன்று 20 இலட்சம் ரூபாவிலிருந்து 36 இலட்சமானது. கருவியின் தரம் மாறவில்லை, ஒதுக்கீடு மட்டும் பாதிக்கு அருகில் சுருங்கிப்போனது. அதே மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்சாரம் கற்பிக்கும் ஆய்வுகூடங்களுக்கே மின்சாரம் இல்லாத நாட்கள் அவை.

நன்கொடையாக வரும் கருவிகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. திறப்பு விழாப் படத்தில் பளபளக்கும் இயந்திரத்துக்கு, மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு உதிரிப்பாகம் தேவைப்படும். வழங்கிய நாட்டின் ஒப்பந்தம் அப்போது முடிந்திருக்கும். அளவீட்டுக் கருவிகளைக் காலத்துக்குக் காலம் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அவை பொய் சொல்லத் தொடங்கும். இதற்கெல்லாம் பொறுப்பானவர் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பேராசிரியரின் பெயர் வெளியே தெரியும். ஆய்வுகூடம் உயிரோடு இருப்பது இவரால்தான்.

கணினியில் மாதிரியமைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு நாட்டின் முழு வலையமைப்பையும் மேசையில் வைக்க முடியாது. ஆகவே மென்பொருள் மாதிரிகள் அவசியம்தான். ஆனால் மென்பொருளில் இணைப்பு தளர்ந்திருக்காது, மோட்டார் சூடாகி மணக்காது, தவறாக இணைத்த மாணவரை அது பயமுறுத்தாது. முதலில் கையால் தொட்டவருக்கே பின்னர் திரையில் வரும் எண்ணைச் சந்தேகிக்கத் தெரியும். 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதன் வழியாகவே தரச்சான்று பெற்ற எமது பட்டங்களுக்கு வெளிநாட்டு அங்கீகாரம் கிடைக்கிறது. அந்தத் தரச்சான்றுக்கான மதிப்பீட்டில் ஆய்வுகூட வசதியும் பார்க்கப்படும். வெளிநாடு போக நினைக்கும் மாணவருக்கும் இது சொந்தக் கதைதான்.

யாருக்காக?

அறிவியல் நகரின் வகுப்புகளில் நாட்டின் எல்லாப் பகுதி மாணவர்களும் இருக்கிறார்கள். அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் மத்தியில் நடக்கிறது, கற்பித்தல் ஆங்கிலத்தில். "அப்படியானால் இது எங்கள் பீடமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனது விடை, ஒரு பீடம் எந்த மண்ணுடையது என்பதை அதன் ஆய்வுகூடங்கள் எந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கின்றன என்பதே தீர்மானிக்கும்.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற்றுத் தம்பபவனி நிலையம் இயங்குகிறது. அங்கே மேலும் காற்றாலைகள் அமைக்கும் திட்டங்களை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளம் தேங்குவதையும் வலசைப் பறவைகளையும் மீன்பிடியையும் பற்றிப் பேசினார்கள். அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய, காற்றுக் கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, ஆண்டு முடிவதற்குள் நின்றது. 2024 மார்ச்சில் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரமும் கொண்ட திட்டமாக ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு வல்லரசுகள் இழுபறிப்பட்ட அந்த ஆண்டுகள் முழுவதும் தீவு மக்கள் டீசல் ஜெனரேட்டரையே நம்பியிருந்தார்கள்.

சுன்னாகத்தை மறக்க முடியாது. மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்று கேட்ட மக்களுக்கு ஆளுக்கொரு அறிக்கை நீட்டப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈட்டை விதித்தது. தன் ஊரில் கட்டப்படும் மின்நிலையத்தின் திட்ட ஆவணத்தை வாசித்து, இந்த எண் பிழை என்று சொல்லத் தெரிந்த, யாருக்கும் கடமைப்படாத பொறியியலாளர்கள் பத்துப் பேர் இருந்தால் அத்தகைய இடங்களில் மக்கள் தனித்து நிற்க நேராது. அவர்களை உருவாக்கும் இடம் ஆய்வுகூடம்.

ஆகவே பீடத்தின் திறந்த நாளுக்குப் போகும் பெற்றோரும் மாணவர்களும் கட்டடத்தின் அழகோடு சிலவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு இயந்திரத் தொகுதிக்கு எத்தனை மாணவர்? பழுதடைந்த கருவி எத்தனை நாளில் திருத்தப்படுகிறது? தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா? இறுதியாண்டு ஆய்வுகளில் எத்தனை வடக்கின் பிரச்சினையைத் தொட்டவை?

புலம்பெயர்ந்து வாழும் பொறியியலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர்க்கல் பதிக்கக்கூடிய கட்டடத்துக்குப் பணம் சேர்வது சுலபம். உதிரிப்பாகத்துக்கும் அளவுதிருத்தத்துக்கும் மென்பொருள் உரிமத்துக்கும் ஆண்டுதோறும் வழங்கும் சிறு தொகை, பெயர் இல்லாவிட்டாலும் அதிக மாணவரின் கைக்குப் போய்ச் சேரும். உள்ளூராட்சி மன்றங்கள் தங்கள் வீதிவிளக்குகள், நீர்ப்பம்பிகள், பாடசாலைகளின் நிலத்தொடுப்பு ஆகியவற்றைச் சோதிக்கும் வேலையை மாணவர் செயற்றிட்டங்களாக ஒப்படைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு கடிதமும், அதற்குப் பதில் எழுத முன்வரும் ஒரு துறையும் போதும்.